ராத்திரி நல்லா இருந்த வண்டி, காலையில செல்ஃப் எடுக்கலையா? லோடு வண்டி பேட்டரியைக் காப்பாற்றும் வரவு செலவுக் கணக்கு!

அதிகாலை 4 மணி. கீழப்பாவூரில் வீட்டு வாசலில் உங்கள் குட்டியானை நிற்கிறது. கத்தரிக்காய், வெண்டைக்காய் மூட்டைகளை எல்லாம் ஏற்றியாச்சு. பாவூர்சத்திரம் சந்தை பக்கத்துலதான். சாவியைத் திருப்புறீங்க. 'டக்... டக்... டக்...' அவ்வளவுதான். டாஷ்போர்டு லைட் மங்கி அணைகிறது.

நேற்று சாயங்காலம் வரைக்கும் இதே வண்டிதான் தெருத்தெருவாக மைக்செட் போட்டு வெங்காயம் விற்றது. ராத்திரி வீட்டுக்கு வரும்போதுகூட ஒரு குறையும் இல்லை. இப்போ என்ன ஆச்சு?

காய்கறி காத்திருக்காது. சந்தைக்கு நேரம் தவறிப் போனால் விலை இறங்கிவிடும். செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரி கிளம்பிவிடும். வண்டிக்கு மாதத் தவணை கட்டும் வீட்டில் ஒரு நாள் ஓட்டம் போவது சின்ன விஷயம் இல்லை.

இந்த நிலைமையில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். 'பேட்டரி போயிடுச்சு தம்பி' என்று யாராவது சொல்வார்கள். கடன் வாங்கிப் புது பேட்டரி போடுவோம். ஒரு வருஷத்துக்குள் அதுவும் படுத்துவிடும். அப்புறம் பேட்டரி கம்பெனியைத் திட்டுவோம்.

உண்மையில் பல வண்டிகளில் குறை பேட்டரியில் இல்லை. பேட்டரியிலிருந்து எடுப்பது எவ்வளவு, திருப்பிப் போடுவது எவ்வளவு என்ற கணக்கில்தான் குறை. அந்தக் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும். வாங்க, முதல்ல இருந்து பார்க்கலாம்.

பேட்டரி ஒரு குளம்... டைனமோதான் வரத்துக்கால்!

நம்ம ஊர் குளத்தை நினைச்சுக்கோங்க. மடையைத் திறந்தால் தண்ணீர் போகும். வரத்துக்காலில் தண்ணீர் வந்தால் குளம் நிரம்பும். வரத்தே இல்லாமல் மடையை மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி பேட்டரியும் அப்படித்தான். ஹெட்லைட், ஹாரன், மைக்செட், மொபைல் சார்ஜர் எல்லாம் மடைகள். நம்ம ஊரில் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டர்தான் வரத்து. இன்ஜின் ஓடும்போது பெல்ட் மூலம் சுற்றி அது கரண்ட் உற்பத்தி செய்யும். இன்ஜினை அணைத்துவிட்டால் வரத்து நின்றுபோகும். அதற்குப் பிறகு எரியும் ஒவ்வொரு பல்பும் பேட்டரியின் இருப்பைத்தான் தின்கிறது.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் சேர்ந்து வேலை செய்யும் இந்த முறையை 1859-ல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தார். 160 வருஷம் தாண்டியும் இன்றைக்குப் பெரும்பாலான வண்டிகளை ஸ்டார்ட் செய்வது அதே ஈய அமில பேட்டரிதான்.

முக்கியமான ஒரு விஷயம். வண்டியோடு வரும் பேட்டரி 'ஸ்டார்ட்டிங்' பேட்டரி. அதன் தகடுகள் மெல்லியவை. ஒரு சில விநாடிகள் மட்டும் பெரிய அளவில் கரண்டைக் கொட்டிவிட்டு, உடனே மறுபடி நிரம்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பாதிக்குக் கீழே இறங்குவது அதற்கு ஒத்துக்காது. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் பேட்டரி வேறு ரகம். அதன் தகடுகள் தடிமனானவை. ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்றே செய்தவை.

ஸ்டார்ட் பண்ணத்தான் நிறைய கரண்ட் போகுதா?

இல்லை. இதுதான் பலரும் தப்பாக நினைக்கும் இடம்.

சின்ன டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். கேட்கப் பெரிய எண்தான். ஆனால், அது 3 விநாடிதான் ஓடும். கணக்குப் போட்டால் செலவு வெறும் 0.17 ஏஎச். ஏஎச் என்பது ஆம்பியர்-ஹவர். ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு ஏஎச்.

இப்போ 5 ஆம்பியர் எடுக்கும் ஒரு மைக்செட்டைப் பாருங்க. அதே 0.17 ஏஎச்சை அது இரண்டே நிமிடத்தில் தின்றுவிடும். இரண்டு மணி நேரம் கத்தினால் 10 ஏஎச். அந்தக் கரண்டில் கிட்டத்தட்ட 60 தடவை வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கலாம்!

செல்ஃப் கேட்பது கொஞ்சமே கொஞ்சம்தான். ஆனால் அதை ஒரே மூச்சில் கேட்கும். பாதி காலியான பேட்டரியால் அப்படி ஒரே மூச்சில் கொடுக்க முடியாது. லைட் எரியும், பாட்டு பாடும், சாவியைத் திருப்பினால் மட்டும் 'டக் டக்' என்று நிற்கும். 'லைட்டெல்லாம் எரியுதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு' என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

எது எவ்வளவு கரண்ட் எடுக்கும்?

ஃபார்முலா ரொம்ப எளிது. பொருளின் மேல் எழுதியிருக்கும் வாட்டை, பேட்டரி வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 12 வோல்ட் வண்டிக்குத் தோராயமாக இப்படி வரும்:

• 60 வாட் ஆம்ப்ளிஃபயர், முழுச் சத்தத்தில்: 5 ஆம்பியர். நடுத்தரச் சத்தத்தில் 2 முதல் 3.
• பழைய மஞ்சள் ஹெட்லைட், 55 வாட் பல்பு இரண்டு: 9 ஆம்பியருக்கு மேல்.
• 24 வாட் எல்இடி பட்டை: 2 ஆம்பியர்.
• கேபினில் மாட்டும் சின்ன ஃபேன், 18 வாட்: 1.5 ஆம்பியர்.
• மொபைல் வேக சார்ஜர், 18 வாட்: 1.5 ஆம்பியர்.
• இன்வெர்ட்டர் வழியாக 100 வாட் சாதனம்: சுமார் 10 ஆம்பியர்.

கடைசி வரியைக் கவனிங்க. 100-ஐ 12-ஆல் வகுத்தால் 8.3தானே வரணும்? மீதி, 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும்போது இன்வெர்ட்டரிலேயே சூடாக வீணாகிறது. அதனால் மொபைலை இன்வெர்ட்டரில் வீட்டு சார்ஜரைச் செருகிச் சார்ஜ் போடாதீங்க. நேரடி யுஎஸ்பி சார்ஜர்தான் சிக்கனம்.

இன்னொரு சின்ன தகவல்: கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வண்டி பேட்டரியிலிருந்து ஒரு துளி கரண்டும் எடுக்காது. டோல்கேட்டில் உள்ள கருவி அனுப்பும் ரேடியோ அலையில்தான் அது வேலை செய்கிறது. ஆனால், ஜிபிஎஸ் கருவி அப்படி இல்லை. வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். மொத்தம் 50 மில்லி ஆம்பியர் கசிந்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஏஎச். கொடை, கல்யாணம் என்று ஒரு மாதம் வண்டியை எடுக்காமல் போட்டால் 36 ஏஎச் காலி.

ஒரு நாள் கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

தெருவில் காய்கறி விற்கும் ஒரு வண்டி. பேட்டரி 60 ஏஎச். மைக்செட் 3, எல்இடி 2, ஃபேன் 1.5, மொபைல் 1 என மொத்தம் 7.5 ஆம்பியர். இன்ஜினை அணைத்துவிட்டு தெருமுனைகளில் நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து 4 மணி நேரம்.

செலவு: 7.5 பெருக்கல் 4 = 30 ஏஎச்.

தெருவுக்குத் தெரு வண்டி ஓடும் நேரம் மொத்தம் 40 நிமிடம். மற்ற செலவு போக டைனமோ பேட்டரிக்குச் சராசரியாக 15 ஆம்பியர் கொடுத்தது என்று வைப்போம்.

வரவு: 10 ஏஎச்.

பற்றாக்குறை 20 ஏஎச். முதல் நாள் ராத்திரி பேட்டரியில் மீதி 40. இரண்டாம் நாள் ராத்திரி 20. மூன்றாம் நாள் விடிகாலையில் 'டக்... டக்...'. புது பேட்டரியாக இருந்தாலும் இதே கணக்குதான். என்ன, பழசு இரண்டாவது நாளே படுத்துவிடும்.

இப்போ அதே வண்டி தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் லோடு அடித்தால்? ஒன்றரை, இரண்டு மணி நேரம் இடைவிடாமல் இன்ஜின் ஓடும். போனதைவிட வந்தது அதிகமாக இருக்கும். ஒரே வண்டி, ஒரே பேட்டரிதான். ஒருத்தருக்கு மூன்று வருஷம் உழைக்கும், இன்னொருத்தருக்கு ஒரு வருஷம்கூட வராது. காரணம் இதுதான்.

'சும்மா ஸ்டார்ட் பண்ணி விட்டா சார்ஜ் ஏறிடும்ல?'

ஏறும். ஆனால், நீங்க நினைக்கிற அளவுக்கு இல்லை. ஐடிலிங்கில் டைனமோ மெதுவாகச் சுற்றுவதால் அதன் முழு அளவில் பாதியோ, அதற்கும் கீழேயோதான் கொடுக்கும். அந்த நேரத்தில் ஹெட்லைட்டும் மைக்கும் ஓடினால் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். சீசன் நேரத்துச் சாரலில் வைப்பர், லைட், புளோயர் எல்லாம் ஒன்றாக ஓடும்போது சில வண்டிகளில் ஐடிலிங்கில் வரவைவிடச் செலவே அதிகமாகிவிடும்.

இன்னொரு விஷயம், பேட்டரி காலியாக இருக்கும்போது கரண்டை வேகமாக வாங்கும். நிரம்ப நிரம்ப மெதுவாகத்தான் வாங்கும். மொபைல் 80 சதவிகிதத்துக்கு மேல் ஆமை வேகத்தில் ஏறுவதைப் பார்த்திருப்பீங்களே, அதே மாதிரி. பாதி காலியான பேட்டரி முழுசாக நிரம்ப 6 முதல் 8 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அரை மணி நேர ஓட்டத்தில் அது நடக்காது.

அரைகுறையாகவே இருந்தால்தான் என்ன? தகட்டின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் கெட்டியான படிகமாக இறுகி, அந்த இடம் இனி வேலைக்கு ஆகாது. குளத்தில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைவது மாதிரி. பேட்டரியின் மேல் 60 ஏஎச் என்று எழுதியிருக்கும். உள்ளே 30தான் பிடிக்கும்.

சில நூறு ரூபாய் மீட்டர்... பல ஆயிரம் மிச்சம்!

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் அல்லது லைட்டர் சாக்கெட்டில் செருகும் வோல்ட் மீட்டர் வாங்கி வைங்க. சில நூறு ரூபாய்தான். ராத்திரி நிறுத்திய வண்டியை, காலையில் சாவி போடும் முன் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்க:

• 12.6 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்.
• 12.4: முக்கால்.
• 12.2: பாதி. இதற்குக் கீழே போக விடாதீங்க.
• 12.0: கால் பங்குதான் மீதி.
• 11.8: காலி.

பார்த்தீங்களா, முழுசுக்கும் காலிக்கும் நடுவில் ஒரு வோல்ட்கூட இல்லை. அதனால் 'பன்னிரண்டு காட்டுது, ஓகே' என்று விட்டுவிடக் கூடாது. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்தான் முக்கியம்.

அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ரேஸ் கொடுத்து அளங்க. பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டணும். 13-க்குக் கீழேயே நின்றால் டைனமோ, பெல்ட், ஒயரிங்கில் ஏதோ கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு; பேட்டரி தண்ணி கொதித்து வற்றும். இரண்டுக்குமே புது பேட்டரி தீர்வு இல்லை. சில பிஎஸ்-6 வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜிங் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும். அதனால் ஒருமுறை குறைவாகக் காட்டியதும் பதறாமல், இரண்டு மூன்று தடவை அளந்து பாருங்க.

பெரிய லாரிக்காரர்கள் செய்யும் ஒரு தப்பு

குட்டியானை, பிக்கப் வண்டிகளில் 12 வோல்ட். பெரிய லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட்; இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். டேப், மொபைல் சார்ஜர், ஃபேன் எல்லாம் 12 வோல்ட்டில் கிடைப்பதால், இரண்டில் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் ஒயரை இழுத்துக் கொடுப்பது நிறைய பேரின் பழக்கம்.

இது இரண்டு பேட்டரியையும் சேர்த்துக் கொல்லும். எப்படி? ஒயர் இழுத்த பேட்டரி தினமும் காலியாகும். டைனமோவுக்கு இரண்டின் கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும். மொத்தம் 28 வோல்ட் சரியாக இருந்தால் 'எல்லாம் சரி' என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் ஒன்று 13.2, இன்னொன்று 14.8 என்று இருக்கலாம். முதலாவது எப்போதும் அரைவயிற்றில் கிடந்து சல்பேட் படியும். இரண்டாவது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி, தண்ணி வற்றி, தகடு உதிரும்.

தீர்வு: இரண்டு பேட்டரியின் மொத்த முனைகளிலும் இணைத்து 24-ஐ 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் போடுங்க. இல்லை என்றால் இரண்டையும் சமன்படுத்தும் பேட்டரி ஈக்வலைசர் இருக்கிறது. காலையில் இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்த வியாதி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மாற்றும்போது இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரே கம்பெனியில் மாற்றணும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஏசி கேபின் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. இவற்றில் கம்ப்ரெஸர் பொதுவாக இன்ஜின் பெல்ட்டில் ஓடும். இன்ஜினை அணைத்தால் குளிர் வராது; காற்று தள்ளும் புளோயர் மட்டும் பேட்டரியைத் தின்னும். லோடுக்குக் காத்திருக்கும்போது அதை ஓட விடாதீங்க.

சரி, என்னதான் செய்வது?

செலவு குறைவான வழியில் இருந்து வரிசையாகச் சொல்றேன்.

1. செலவைக் குறைங்க. மஞ்சள் பல்பு அலங்கார விளக்குகளை எல்இடியாக மாற்றினால் அதே வெளிச்சத்துக்குச் சில மடங்கு குறைவான கரண்ட் போதும். மைக்கில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே கரண்ட் நன்றாகக் குறையும். சட்டமும் இருக்கு: 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேணும்; இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் போடக் கூடாது.

2. ராத்திரி வீட்டில் சார்ஜ் போடுங்க. மேலே பார்த்த தெரு வியாபாரிக்கு இதுதான் சரியான மருந்து. பேட்டரி ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆட்டோமேட்டிக் சார்ஜர் போதும். 60 ஏஎச்சுக்கு 6 ஆம்பியர். 20 ஏஎச் பற்றாக்குறையை விடிவதற்குள் நிரப்பிவிடும். ஆகும் மின்சாரம் அரை யூனிட்டுக்கும் கீழேதான்! காற்றோட்டமான இடத்தில் போடுங்க. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது.

3. கட்-ஆஃப் கருவி மாட்டுங்க. வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கூடுதல் சாதனங்களைத் தானாக அணைக்கும் சின்னக் கருவி இது. 12.2 வோல்ட் அளவில் செட் செய்தால் பாட்டு நின்றுவிடும். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகும். அணைக்க மறந்துவிடும் ஆட்களுக்கு இது தெய்வம்.

4. இரண்டாவது பேட்டரி. மணிக்கணக்கில் மைக், லைட் தேவை என்றால் அவற்றுக்கென்று தனியாக ஒரு டீப் சைக்கிள் பேட்டரி வைத்துவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. நடுவில் ஒரு வோல்ட்டேஜ் ரிலே போடணும். இன்ஜின் ஓடி வோல்ட் சுமார் 13.3-ஐத் தொட்டதும் அது இரண்டையும் இணைத்து சார்ஜ் ஏற்றும். இன்ஜின் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். ஸ்டார்ட்டிங் பேட்டரியை யாரும் தொட முடியாது. இரண்டாவது பேட்டரி லித்தியம் என்றால் வெறும் ரிலே போதாது. அது டைனமோவில் இருந்து அளவுக்கு மீறி இழுத்துச் சூடாக்கிவிடும். அதற்கான டிசி சார்ஜர் அவசியம்.

5. சோலார். நம்ம பக்கம் வெயிலுக்கு 100 வாட் பேனல் நல்ல நாளில் 25 ஏஎச் அளவுக்குக் கொடுக்கும். சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் நேரடியாக இணைக்காதீங்க. குட்டியானை கேபின் மேல் 50 வாட் பேனல் வைத்தால் அதில் பாதி கிடைக்கும். குற்றால சீசனில் மேகமும் சாரலுமாக இருக்கும் நாள்களில் பெரிதாக நம்ப முடியாது.

'பெரிய டைனமோ மாற்றிவிடலாமா?' என்று கேட்பீங்க. வண்டி ஓடிக்கொண்டே இருந்து, அப்படியும் கரண்ட் பற்றவில்லை என்றால் மட்டும் அது உதவும். நின்றுகொண்டு செலவு செய்யும் வண்டிக்கு எவ்வளவு பெரிய டைனமோ போட்டாலும் பலன் கம்மிதான்.

ஒயரிங்கில் கை வைக்கும் முன்...

பேட்டரி டவுன் ஆனால் ஒரு நாள் ஓட்டம்தான் போகும். ஒயரிங் தப்பானால் வண்டியே போகும். 12 வோல்ட் நம்மை ஷாக் அடிக்காது. ஆனால் ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் பழுத்துத் தீப்பிடிக்க சில விநாடி போதும்.

• பேட்டரி பாசிட்டிவில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு ஒயருக்கும், முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்கணும்.
• ஃப்யூஸ் அடிக்கடி போகுது என்று பெரிய ஃப்யூஸோ, வெள்ளி பேப்பரோ வைக்காதீங்க. ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை.
• 10 ஆம்பியர் லோடுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போடுங்க. பின்னாடி பாடி வரை நீளமாகப் போனால் இன்னும் தடிமன் வேணும்.
• முடிந்தவரை சாவியோடு சேர்ந்து அணையும் மாதிரி ரிலே வழியாக இணைப்பு எடுங்க.
• வாரன்டி உள்ள புது வண்டியில் ஒரிஜினல் ஒயரை வெட்டி ஒட்டாதீங்க. சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்க.

மாசத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம்

மூடி திறக்கும் பேட்டரியில் தகடு மூழ்கும் அளவுக்குத் தண்ணி இருக்கிறதா என்று பாருங்க. குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றணும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். அமிலம் ஊற்றவே கூடாது.

முனையில் பச்சை, வெள்ளைப் பொடி பூத்திருந்தால் மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீர் விட்டுத் தேய்த்துத் துடைங்க. காய்ந்த பிறகு கிளாம்ப்பை முறுக்கி, மேலே வாசலின் தடவுங்க. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இதை மறக்காதீங்க.

பேட்டரியைத் தாங்கும் கிளாம்ப் இறுக்கமாக இருக்கணும். மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கியே தகடு உதிர்ந்துபோகும். டைனமோ பெல்ட்டையும் ஒரு கை பாருங்க. லூஸானால் வரத்து குறையும். இன்ஜின் சூடும் வெயிலும் சேர்ந்து பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதால், கோடையில் நிழலில் நிறுத்துவதுகூட ஒரு பராமரிப்புதான்.

அப்படியும் ஸ்டார்ட் ஆகலைன்னா?

இன்னொரு வண்டியில் இருந்து கேபிள் போடலாம். ஆனால் 12-க்கு 12, 24-க்கு 24 மட்டும். லாரியின் 24 வோல்ட்டைக் குட்டியானைக்குக் கொடுத்தால் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் பொசுங்கும்.

சிவப்பு கேபிளை முதலில் காலியான பேட்டரியின் பாசிட்டிவில், அடுத்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்க. கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைக் காலியான பேட்டரியில் வைக்காமல், அந்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்க. தீப்பொறி வாயு பக்கம் போகாமல் இருக்கத்தான் இது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓட விட்டு, பிறகு செல்ஃப் அடிங்க. கழற்றும்போது வரிசை தலைகீழ்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய டீசல் வண்டிகளில் நடக்கும். பிஎஸ்-6 வண்டிகளில் கம்ப்யூட்டருக்கே கரண்ட் வேணும். பேட்டரி சுத்தமாகக் காலி என்றால் எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி 'டைனமோ வேலை செய்யுதா' என்று பார்க்கும் பழக்கத்தையும் விட்டுடுங்க. வோல்ட் திடீரென எகிறி டைனமோவின் டயோடும் வண்டியின் கம்ப்யூட்டரும் போய்விடும்.

பேட்டரி அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்க. கண் என்றால் அப்புறம் நேராக ஆஸ்பத்திரி.

பழைய பேட்டரியை என்ன பண்றது?

வீட்டு மூலையில் போடாதீங்க. அமிலத்தை வாய்க்காலில் கொட்டவே கொட்டாதீங்க. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நச்சு. 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. புதுசு வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிங்க!

வண்டியில் மாட்டியிருக்கும் எல்லாச் சாதனங்களின் வாட்டையும் மொபைலில் குறிச்சுக்கோங்க. நின்றுகொண்டு ஓடும் நேரத்தால் பெருக்குங்க. பேட்டரி மேல் எழுதியிருக்கும் ஏஎச்சோடு ஒப்பிட்டுப் பாருங்க. நாளைக்குக் காலையில் சாவி போடும் முன் வோல்ட்டை அளங்க. ஒரு வாரம் இந்த எண்களை எழுதினாலே, உங்கள் வண்டிக்குத் தேவை புது பேட்டரியா, ராத்திரி சார்ஜரா, இரண்டாவது பேட்டரியா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

காலை அளவு 12.4-க்கு மேலேயே நின்றால், நாலு மணிக்குத் தைரியமாக சாவியைத் திருப்பலாம். 12.2-ஐ நெருங்குகிறது என்றால், முந்தைய நாள் எடுத்ததை இன்னும் திருப்பிப் போடவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி மறக்காமல் சார்ஜ் போட்டுடுங்க!